தணிகையின் புது ஸ்டைல்

ஜனவரி 12, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனால்தான் எட்டரைக்குப் பாக்ஸிங் மெயின் ஃபைட்டைப் பிடிக்க முடியும். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி அடித்துக்கொள்வது தூத்துக்குடிக்கு ஞாயிறு காலையில்தான் வந்து சேர்கிறது. இருட்டோடு எழுந்து மாதா கோயிலுக்கு ஓடுகிறேன் என்று எங்கள் தெருவே என்னை மெச்சிக்கொண்டிருக்கிறது. மெச்சட்டும், எனக்கென்ன.

இன்றைக்கு ஹெவிவெயிட். டார்னெல் விக்ஸும் அந்த உக்ரைன்காரன் மாரினும். பன்னிரண்டு ரவுண்டும் இரண்டு பீரோக்களைச் சேர்த்து நிறுத்தி வைத்தது மாதிரி கட்டிப்பிடித்தே நின்றார்கள். சாமியாரின் பிரசங்கத்தில் இதைவிட விறுவிறுப்பு இருந்தது. நானும் டார்வினும் வழக்கம்போலச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தோம். டார்வின் என் வீட்டுக்காரரின் தம்பி. 'மணி அடிச்சாச்சு' என்கிற எங்கள் பாக்ஸிங் யூடியூப் சேனலுக்கு நான் குரல், அவன் எடிட்டிங். முதல் தடவை பார்க்கும்போது ஒலி கூடாது என்பது எங்கள் சட்டம். இங்கிலீஷ் கமெண்டரிக்காரன் ஒருத்தனைத் தூக்கிப் பேச ஆரம்பித்தால் நம் கண்ணும் அவன் பின்னாலேயே போய்விடும். கூட்டம் கத்தினால், காற்றில் போன குத்துகூட முகத்தில் பட்டது மாதிரி இருக்கும். அதனால் ஊமைப் படமாகப் பார்த்து, ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது என்று தனித்தனியாகப் போட்டு, கடைசியில்தான் இரண்டு பேரும் காட்டிக்கொள்வோம். பிறகுதான் தமிழ் கமெண்டரி.

பின்னூட்டத்தில் ஒருவன்: "அக்கா, நீங்க சமையல் வீடியோ போட்டா செட் ஆகும்." நான்: "போடுதேன் தம்பி. மொதல்ல உன்னைய வதக்கி எடுத்துக்கிடுதேன்." டார்வின் அழிக்கச் சொல்லிக் கெஞ்சினான். அழிக்கவில்லை.

மத்தியானம்தான் அந்தச் செய்தி வந்தது. தணிகைவேலுக்கு ஆசியப் பட்டச் சண்டை! மார்ச் 1, பாங்காக், எதிராளி பிலிப்பைன்ஸின் ரோமெல் கபுயாவ். தணிகை எண்ணூர்க்காரன், லைட்வெயிட், முப்பத்தொரு வயது. நம் பாஷை பேசுகிற ஒருத்தன் புரொபஷனல் பாக்ஸிங்கில் இவ்வளவு தூரம் ஏறி நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் சோறு வடிக்க மறந்து குழைந்துபோய்விட்டது. வீட்டுக்காரர் சேசுராஜ் அதிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஹார்பருக்கு ஷிப்டுக்குப் போனார்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் விடுமுறை, நான் கண் பவர் பார்க்கிற கண்ணாடிக் கடையும் லீவு. மகள் ஷைனியை அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, தணிகையின் டிசம்பர் துபாய் சண்டையை எடுத்து வைத்து அலசினோம்.

ஒன்று கண்ணில் பட்டது. வழக்கமாக அவன் இடது தோளை முன்னால் நீட்டி, தாடையை அதன் பின்னால் ஒளித்துப் பக்கவாட்டில் நிற்பான். துபாயில் நெஞ்சை விரித்து நேராக நிற்கிறான், முகம் மட்டும் இடது பக்கம் லேசாகத் திரும்பியிருக்கிறது. கோழி தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்குமே, அப்படி. எதிராளியின் வலது கைக் குத்துகள் நிறையவே உள்ளே வந்தன. ஆனாலும் புள்ளியில் ஜெயித்துவிட்டான்.

"மதினி, இது என்ன நிப்பு?" என்றான் டார்வின்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. முகத்தைத் திறந்து காட்டி எதிராளியை உள்ளே இழுக்கிறான், அவன் வந்ததும் வாங்கிக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறான். யாருமே இதைக் கவனித்துப் பேசவில்லை. வீடியோவுக்குப் பெயர் வைத்தேன்: 'தணிகையின் புது ஸ்டைல்'. பேசிய வேகத்தில் எனக்கே புல்லரித்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து எந்த வீடியோவும் இப்படி ஓடியதில்லை. டார்வின் காலையிலிருந்து போனும் கையுமாக அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறான். "மதினி, பாத்தியளா! மலேசியாலேர்ந்துலாம் போட்டிருக்காவ!"

அதெல்லாம் பெரிதில்லை. தணிகையே வந்து எழுதியிருக்கிறான். "நன்றி சகோதரி. கரெக்டா புடிச்சீங்க." பக்கத்தில் ஒரு மடக்கிய கை எமோஜி.

பூசையில் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் மன்னிக்கட்டும்.

ஜனவரி 23, வியாழன்

கண்ணாடிக் கடையில் கூட்டம். பொங்கலுக்கு வந்த மருமகன்மாரெல்லாம் மாமனாரைக் கூட்டிக்கொண்டு பவர் பார்க்க வந்துவிடுகிறார்கள். சாயங்காலம் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடுக்காமல் படித்தார். "பெறவு என்ன அண்ணாச்சி தொந்தரவு?" என்றேன். "வலது பக்கம் வார பைக்கெல்லாம் திடீர் திடீர்னு மொளைக்கிம்மா," என்றார். எதிரே உட்காரவைத்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் விரலை ஆட்டினேன். ஒரு பக்கம் அவருக்குத் தெரியவே இல்லை. விரலைத் தேடித் தலையைத் திருப்பினார்.

கையோடு சீட்டு எழுதி, இன்றைக்கே விழித்திரை டாக்டரைப் பாருங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள் என்று அனுப்பினேன். கடை முதலாளி முறைத்தார். ஒரு பிரேம் போச்சு என்று அவருக்கு.

அவர் தலையைத் திருப்பிய விதம் என்னவோ செய்கிறது. வேலை ஜாஸ்தி, அதுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு இரண்டு நல்ல சண்டைகள் இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் துபாய் சண்டையையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். டார்வின் கேட்டதற்கு, கபுயாவுக்காகத் தயார் செய்கிறேன் என்றேன்.

இடைவேளையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது பயிற்சியாளர் இடது பக்கமிருந்து தண்ணீரை நீட்டுகிறார். பாட்டில் உதட்டில் முட்டின பிறகுதான் தணிகை வாயைத் திறக்கிறான். ஆரம்பத்தில் கையுறையைத் தட்டிக்கொள்ளும்போது அவன் இடது கை எதிராளியின் கையைத் தவறவிட்டுக் காற்றில் போகிறது. பதற்றம் இருக்கும். கேமரா கோணமும் அப்படி. துபாயில் விளக்கு வெளிச்சம் ரொம்பக் கூச்சமாம், எங்கேயோ படித்தேன்.

நான் படித்தது கண் பரிசோதனையில் டிப்ளமோ. டாக்டர் கிடையாது.

மீன் குழம்பு தீய்ந்துவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

கையெழுத்து கோணலாக வருகிறது. சந்தோஷத்தில்தான்.

சண்டையை நடத்துகிற புரொமோட்டர் ராஜதுரை சென்னையிலிருந்து கூப்பிட்டார். அடுத்த வாரம் தணிகையின் ஜிம்முக்கு வந்து பேட்டி எடுக்க வேண்டுமாம். அதோடு, பாங்காக் சண்டைக்கு அதிகாரபூர்வத் தமிழ் கமெண்டரி நாங்கள்! ரிங் ஓரத்தில், மேசை போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. டார்வின் என் கையைப் பிடித்துச் சுற்றியதில் தோசைக்கல் கீழே விழுந்தது. பாஸ்போர்ட்டுக்கு உடனே ஏற்பாடு செய்துவிட்டான். பாங்காக்குக்குச் சேலை நன்றாயிருக்குமா சுடிதாரா என்று சேசுராஜிடம் கேட்டேன். "எதக் கட்டினாலும் வாய் ஒண்ணுதான பேசப்போவுது," என்கிறார்.

பிப்ரவரி 5, புதன். சென்னை

எண்ணூர் பக்கம் ஒரு பழைய கிடங்குதான் ஜிம். உள்ளே நுழைந்ததும் வியர்வையும் டிங்ச்சரும் கலந்த நெடி. தணிகை வீடியோவில் இருப்பதைவிடச் சின்ன ஆள். சிரித்தால் பையன் மாதிரி இருக்கிறான்.

முதலில் டில்லிபாபுவோடு நான்கு ரவுண்டு பயிற்சிச் சண்டை. டில்லி இருபத்திரண்டு வயசுப் பையன், இதே ஜிம், நல்ல வேகம். அவனுடைய வலது கை ஒவ்வொரு தடவையும் தணிகையின் தலைக்கவசத்தில் போய் உட்கார்ந்தது. அடித்த பையனுக்கே சங்கடமாகிவிட்டது. "அண்ணன் எனக்கோசரம் வுட்டுக் குடுக்கறாரு மேடம்," என்றான் என்னிடம்.

பேட்டியில் தணிகை கேமராவைப் பார்த்துச் சொன்னது: "ஒங்க வீடியோ பாக்கறதுக்கு மின்னாடி நானே கொயம்பிட்டுத்தான் இருந்தேன் சிஸ்டர். இன்னாடா, நம்ம நிக்கறதே ஒரு மாரி கீதேன்னு. நீங்க அது ஸ்டைலுன்னு சொன்ன அப்பறந்தான் மனசு நின்னுச்சு."

டார்வின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் முந்திரி இனிப்பு, மக்ரூன் கொண்டுபோயிருந்தேன். பெட்டியைத் திறந்து அவனுக்கு இடது பக்கம் நீட்டினேன். அவன் நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான். பிடித்த கை பிடித்தபடி நான். "அண்ணன் டயட்ல இருக்காவ போல," என்றான் டார்வின். தணிகையின் மனைவி தேவிகா எழுந்து வந்து, ஒன்றை எடுத்து அவன் வலது கையில் வைத்தாள். "அட, மக்ரூனா!" என்று அப்போதுதான் திரும்பினான். பிறகு விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்கிற சாக்கில், அவன் இடது காதுக்கு நேராக என் விரல்களை ஆட்டினேன். யாராயிருந்தாலும் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் ஓடும். அவன் கண் ஓடவில்லை. நான் விரலை ஆட்டுவதைத் தேவிகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டில் அவள் கைக்குச் சுற்றுகிற துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். முகம் கழுவப் போனேன்.

"இன்னா வேலக்கா பண்றீங்க?"

"கண்ணாடிக் கடையில பவர் பாக்கேன்."

துணியைப் பிழிந்த கை நின்றது. "அப்ப பாத்துட்டீங்க."

"எத?" என்றேன். எதற்காக அப்படிக் கேட்டேனோ.

"லெப்ட் சைடு எது இருந்தாலும் தட்டி வுட்டுட்றாரு. சொம்பு, ஸ்டூலு... போன வாரம் கொழந்தயக் கூட. கேட்டா கவனிக்கலன்றாரு. டாக்டர் டெஸ்ட்ல போர்டு படிக்கச் சொன்னாங்களாம். கடைசி லைன் வரைக்கும் படிச்சாராம்."

படித்திருப்பான். நடுப்பார்வை இன்னும் போகவில்லை, ஓரம்தான் போயிருக்கிறது. அந்த ஆட்டோக்காரரும் படித்தார்.

"பொங்கல் முடிஞ்சி கண் ஆஸ்பத்திரிக்கு போறதா இருந்தோம்க்கா. நானே டோக்கன்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அந்த டைம்லதான் ஒங்க வீடியோ வந்துச்சு. 'பாத்தியா, ஸ்டைலு'ன்னாரு. போக மாட்டேன்ட்டாரு." அவள் என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "நான் சொன்னா பொம்பள பயப்படறான்றாரு. நீங்க சொல்லுங்கக்கா. ஒங்க பேச்ச கேப்பாரு."

"பாக்கேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் டார்வின் கேட்டான்: "ஏன் மதினி ஒரு மாரி இருக்கிய?"

"மெட்ராஸ் வெயில்," என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஷைனியின் யூனிபார்ம் பொத்தான் தைத்தேன். கேஸ் புக் செய்தேன். தேவிகாவின் இரண்டு மிஸ்டு கால்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேட்டி வீடியோ போட்டோம். மக்ரூன் காட்சியை வெட்டச் சொன்னேன். "அதுதான மதினி ஜாலியா இருக்கு?" என்றான் டார்வின். நீளமாக இருக்கிறது என்றேன். பேட்டி பன்னிரண்டு நிமிஷம்தான்.

காலையில் பார்த்த மெக்ஸிகோ சண்டையில் நான் மூன்று ரவுண்டை ஆள் மாற்றிப் போட்டிருந்தேன். சிவப்பு டிரவுசருக்குக் கொடுக்க வேண்டியதை வெள்ளைக்கு. டார்வின் என் தாளை இரண்டு தடவை பார்த்தான்.

டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் நான் யார்? எதிராளியின் வலது கைதான் தணிகையின் இடது ஓரத்துக்கு வரும், ஆனால் கபுயாவ் ஒன்றும் பெரிய வலது கைக்காரன் இல்லை. இருபது நாள் கழித்து எல்லாம் முடிந்துவிடும். முடிந்த மறுநாளே அவனை நானே கூட்டிக்கொண்டு போவேன்.

கபுயாவின் கடைசி ஐந்து வெற்றியும் வலது கையால் வந்தவை. அதை எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பிடும்போது சேசுராஜ், "என்ன ஜெனோ, ஒரு வாரமா கொழம்புல உப்பு ஒண்ணு இல்லங்கு, ஒண்ணு ரெண்டு தடவ விழுது. யார்கூட சண்ட?" என்றார். அவர் பேசுவதே அபூர்வம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கை காய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கடைக்கு ஆட்டோக்காரன் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புத. இவன மட்டும் ஏன் மார்ச் ஒண்ணு வரைக்கும் வெச்சிருக்க?"

"நானா வெச்சிருக்கேன்? டாக்டரே சரின்னுட்டாவ..."

"சேலையா சுடிதாரான்னு கேட்டது யாரு?"

தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். கிரேனில் உட்கார்ந்து பெட்டி தூக்குகிற மனுஷனுக்குப் பாக்ஸிங் என்ன தெரியும்? பேசவில்லை அவரிடம். பேசப்போவதும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு போன்.

முதலில் ராஜதுரை. விழித்திரையைக் காட்டச் சொல்லுங்கள், ஒரே ஒரு பரிசோதனை என்றேன். "மேடம், சர்டிபிகேட் என் கைல இருக்கு. நீங்க கண்ணாடி விக்கறவங்க. பாங்காக் டிக்கெட் போட்டாச்சு, சந்தோஷமா வந்து பேசிட்டுப் போங்க," என்றார்.

பிறகு தணிகை. உங்கள் இடது கண்ணை உடனே காட்டுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"தேவிகா சொல்லுச்சா?"

"இல்ல. நானே பாத்தேன்."

"ஓரத்துல கறுப்பா துணி தொங்கற மாரி சிஸ்டர். நடுவுல சூப்பரா தெரியுது. நவம்பர்ல பிராக்டீஸ் ஸ்பாரிங்ல ஒண்ணு வாங்குனேன், அதுலேர்ந்து."

"துணி அங்கயே நிக்கா, உள்ள வருதா?"

"கொஞ்சம் உள்ள வந்துருக்கு."

கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற திரை பிரிந்து வருகிறது, நடுவுக்கு வருவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை நிற்கும், வலுவாக ஒரு அடி விழுந்தால் மிச்சமும் பிரிந்துவிடும் என்று சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணா மறுக்கா ரிங்ல ஏத்துவாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கஷ்டம் தம்பி," என்றேன்.

"பள்ளிக்கூடம் போற வயசுலேர்ந்து குத்தினு இருக்கேன். இது ஒண்ணு முடியட்டும். ரெண்டாந்தேதி காலைல நானே போறேன்."

"ரெண்டாந்தேதி காப்பாத்த அதுல ஒண்ணும் இருக்காது. நீங்க போகலன்னா ஞாயித்துக்கிழம நான் சேனல்ல சொல்லிருவேன்."

"நீங்கதான சிஸ்டர் ஸ்டைலுன்னு சொன்னீங்க?"

வைத்துவிட்டான். பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

தேவிகாவிடம் கேட்டேன், சொல்லட்டுமா என்று. "சொல்லுங்க. என்ன வூட்டவுட்டு தொரத்துனாலும் பரவால்ல," என்றாள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

டார்வின் எடிட் செய்ய மறுத்துவிட்டான். எனக்குத் தெரிந்த அளவில் நானே வெட்டி ஒட்டினேன். பூசைக்கும் போகவில்லை, இன்றைக்கு வந்த சண்டையையும் பார்க்கவில்லை.

வீடியோவின் முதல் வாக்கியம்: "தணிகையின் நிப்பைப் புது ஸ்டைல் என்று நான் சொன்னது தப்பு." துபாய் சண்டையைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பாட்டில் உதட்டில் முட்டுகிற இடம், கையுறை காற்றில் போகிற இடம், வெட்டி வைத்திருந்த மக்ரூன், எல்லாவற்றையும் காட்டினேன். விழித்திரைப் பரிசோதனை இல்லாமல் இவரை ஏற்றாதீர்கள் என்று பாங்காக் அமைப்பாளர்களுக்கும் சொன்னேன். அதைத் தெரிந்த இங்கிலீஷில் அவர்களுக்கு எழுதியும் அனுப்பினேன்.

வழக்கமாகக் கடைசியில் ஏதாவது கிண்டல் சொல்லி முடிப்பேன். இந்தத் தடவை அப்படியே நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பின்னூட்டங்களில்: தமிழினத் துரோகி. கபுயாவின் கள்ளப் பொண்டாட்டி. கண்ணாடி விற்க விளம்பரம் தேடுகிறவள். இதெல்லாம் எழுதத் தகுந்தவை. பாதிப் பேர் சேனலை விட்டுப் போய்விட்டார்கள். ராஜதுரை வழக்குப் போடுவாராம். பாங்காக் கமெண்டரி போய்விட்டது என்று தனியாக வேறு எழுதியிருக்கிறார், நான் என்னவோ பெட்டி கட்டி வைத்திருக்கிற மாதிரி.

டார்வின் சாயங்காலம் வந்து என் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்தான். "பாங்காக் டாக்டருக்கு மட்டும் எழுதிருக்கலாம்லா மதினி. ஊருக்கே மைக்கு போட்டுச் சொல்லணுமா? அந்த மனுசன் பொழப்ப நாலு பேரு முன்னால அவுத்துப் போட்டுட்டியளே."

டாக்டருக்கு மட்டும் எழுதிப் போட்டிருந்தால் ராஜதுரை அந்தச் சான்றிதழைக் காட்டி அமுக்கியிருப்பார், அது நிஜம். ஆனால் நான் ஊருக்கு முன்னால் புகழ்ந்ததை ஊருக்கு முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் நிஜம். அதில் எவ்வளவு அவனுக்காக, எவ்வளவு எனக்காக என்று யோசிக்க யோசிக்கத் தலை வலிக்கிறது.

கடுப்பில் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். சேசுராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கழுவிக் கழுவிக் கவிழ்த்தார். பேச ஆரம்பித்துவிட்டோம்.

பிப்ரவரி 22, சனி

தேவிகா கூப்பிட்டாள். பாங்காக்காரர்கள் விழித்திரை அறிக்கை கேட்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார்களாம். பிரிந்த திரை நடுவுக்கு ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறதாம். திங்கட்கிழமை ஆபரேஷன்.

"பேசினாரா?" என்றேன்.

"என்னாண்டயே பேசலக்கா. ஒங்க பேரு எடுத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கறாரு."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அடுத்ததைச் சொன்னாள். சண்டையை ரத்து செய்யவில்லை. ராஜதுரை தணிகைக்குப் பதிலாக டில்லிபாபுவை ஏற்றுகிறார்.

அந்தப் பையன் எட்டு ரவுண்டுக்கு மேல் ஆடினதே கிடையாது. வயசுதான் வேகம். கபுயாவ் அவனை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், எல்லா ரவுண்டும் கண் முன்னால் ஓடுகிறது. ஒருத்தனை இறக்கினேன் என்று நினைத்தேன். அந்த இடம் காலியாக இருக்காது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் சில வாரம் கழித்துத்தான் எவ்வளவு தெரியும் என்று சொல்வார்களாம்.

மார்ச் 1, சனி

பார்ப்பதில்லை என்றுதான் இருந்தேன். சாயங்காலம் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். தேவிகாவின் போன்.

"அக்கா, அவரு ஒங்களாண்ட பேசணுமாம். இருங்க, காதாண்ட வெக்கறேன். குப்புறப் படுத்துனு கீறாரு."

கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்துத் திரையை ஒட்டியிருப்பார்கள். குமிழி சரியான இடத்தில் நிற்க, நாள் முழுக்க முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். தலையைத் தூக்கி டிவி பார்க்க முடியாது.

"வேற எதுவும் பேசாதீங்க," என்றான் தணிகை. தலையணைக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வாணாம். டில்லி ஏறப்போறான். டிவில இங்கிலீஷ்காரன் பேசறது எனக்குப் புரியல. நம்ம பசங்களக் கேட்டா எனக்காவ பொய் சொல்லுவானுங்க. நீங்க சொல்லுங்க."

இறால் கையோடு டார்வினிடம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டார்வின் லேப்டாப்பைத் திறந்து சண்டையைப் போட்டான், ஒலியை நிறுத்தினான். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

இத்தனை நாளாக ஆயிரக்கணக்கான பேருக்குப் பேசியிருக்கிறேன். ஒரே ஆளுக்குப் பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. எதையும் கூட்டிச் சொல்ல முடியவில்லை, குறைத்தும் சொல்ல முடியவில்லை.

"டில்லி நீல டிரவுசர். கை மேலதான் இருக்கு. இடது குத்து, பட்டுச்சு. மறுபடி இடது, பட்டுச்சு. கபுயாவ் பின்னால போறான்."

"கால எப்டி வெக்கறான்?"

"துள்ளிக்கிட்டே இருக்கான்."

"துள்ளாத, துள்ளாதடா. மூச்சு போயிரும்," என்றான் எண்ணூரிலிருந்து.

முதல் இரண்டு ரவுண்டும் டில்லிக்குத்தான். டார்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாவதில் கபுயாவ் உடம்பில் அடிக்க ஆரம்பித்தான். அதையும் சொன்னேன். நான்காவது முடிந்தபோது, "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டான். "கபுயாவுக்கு," என்றேன். "ம்," என்றான். ஐந்தாவதில் டில்லியின் வாய் திறந்துவிட்டது, கை இறங்கியது. கை எங்கே இருக்கிறது என்று தணிகை கேட்டுக்கொண்டே இருந்தான். மார்புக்கு நேரே என்றேன். கன்னத்துக்கு வரவில்லையா என்றான். வரவில்லை என்றேன்.

ஆறாவது ரவுண்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். டில்லி கயிற்றோரம் போனான். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

"சிஸ்டர்?"

டார்வின் என்னைப் பார்த்தான்.

"சிஸ்டர், சொல்லுங்க."

"வலது கை," என்றேன். "இடது பக்கமிருந்து வந்துச்சு. டில்லி பாக்கல. விழுந்துட்டான்."

போனில் தேவிகா ஏதோ சொன்னாள். அவன் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான்.

"எண்ணுறாங்களா?"

"எண்ணல. ரெஃப்ரி கைய ஆட்டி நிறுத்திட்டாரு. முடிஞ்சி போச்சு."

"அத கேக்கல நான். எனக்கு வர வேண்டிய குத்து அது. பையன் எழுந்தானா?"

ரிங்குக்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள். யாரோ ஒருவருடைய முதுகு மறைத்தது. அந்த முதுகு நகர்கிற வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டதையும் சொல்லவில்லை, நல்லதையும் சொல்லவில்லை. டார்வின் ஜெபம் சொல்கிறான் என்பது அவன் உதட்டில் தெரிந்தது. முதுகு விலகியது. டில்லி உட்கார்ந்திருந்தான். டாக்டர் முகத்துக்கு நேராக லைட்டைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனார். நான் திரையில் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து அவன் கண்களைப் பார்த்தேன். இரண்டும் லைட்டின் பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தன. கயிற்றைப் பிடித்தான். எழுந்தான்.

"எழுந்துட்டான்," என்றேன்.

"நல்லா பாத்து சொல்லு."

"நல்லா பாத்துட்டுதான் தம்பி சொல்லுதேன். எழுந்து நிக்கான்."